எத்தனை மணி நேரத்தில் வீடு வந்து சேருவான்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் கட்டாயம் படியுங்கள்.

கோயம்புத்தூரில் இருந்து அமெரிக்கா எவ்வளவு தூரம் என்று இப்போது யாரும் வாத்தியாரைக் கேட்பதில்லை. போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று மூன்று நொடியில் வந்துவிடுகிறது. அந்த எண்கள் சரியானவைதான். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எடை போட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைச் சமீபத்தில் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். என்னிடம் படித்த மாணவனின் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு இறந்துவிட்டார். பவர் டேபிள் யூனிட் வைத்துக் கஷ்டப்பட்டு மகனைப் படிக்க வைத்தவர். மகன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலையில் இருக்கிறான். ஒரே மகன். அவன் வியாழக்கிழமைதான் வர முடியும் என்று போனில் சொன்னான். இரண்டு இரவு வைத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். புதன் மதியம் எடுத்துவிட்டார்கள். பங்காளி மகன் ஒருவர் கொள்ளி வைத்தார். மகன் வந்து சேர்ந்தது வியாழன் காலை 11 மணிக்கு.

அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருமாதி அன்று நான் போயிருந்தபோது நடந்ததுதான் மனதை உறுத்தியது. பந்தலில் மாப்பிள்ளை முறை ஆன ஒருவர் போனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "ப்ளேன் பதினாறு மணி நேரம்தான்னு இதுல போட்டிருக்குதுங்க. செவ்வாக்கெழம காலையில சேதி போச்சு. மனசு இருந்தா புதங்கெழம விடியறதுக்குள்ள வந்திருக்கலாமுல்ல? டிக்கெட் காசு பாத்திருப்பானுங்க." பையன் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "ஏனுங் சார், நீங்க பூகோள வாத்தியாரு தானுங்களே, நீங்களே சொல்லுங்க, பதினாறு மணி நேரம்னா அப்புறம் எப்படீங்க ரெண்டு நாளாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். பையனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

முதலில் தூரம்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்த உலக உருண்டையும் கோன் நூலும் நினைவிருக்கும். நம் ஊரில் நூலுக்கா பஞ்சம்? தட்டையான உலகப் படத்தில் நம் ஊரையும் சான் பிரான்சிஸ்கோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போகும், அல்லது பசிபிக் கடலின் நடுவே போகும். உருண்டையில் இரண்டு ஊரிலும் நூலை வைத்து இழுத்துப் பிடித்தால் நூல் தானாக நகர்ந்து வடக்கே ஏறும். நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடலோரம், அலாஸ்கா என்று போய் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கும். உருண்டையின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்ட வழி என்று பாடத்தில் படித்தோம். அந்த வழியில் கோவை விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சுமார் 14,200 கி.மீ.

இந்தக் கணக்கு ஒன்றும் மந்திரம் அல்ல. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை 360 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. கோவையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. கோவை 11 டிகிரி வடக்கு, டெல்லி விமான நிலையம் 28½ டிகிரி வடக்கு. வித்தியாசம் 17½ டிகிரி. 111 ஆல் பெருக்குங்கள், சுமார் 1,940 கி.மீ. வரும். இன்னும் சில ஊர்களையும் சொல்கிறேன். எல்லாம் கோவையில் இருந்து நேர் தூரம். ஷார்ஜா சுமார் 2,770 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,160 கி.மீ., லண்டன் சுமார் 8,200 கி.மீ., நியூயார்க் சுமார் 13,500 கி.மீ.

இந்தப் பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்கவே முடியாது, ஏனென்றால் அது சுற்றளவில் பாதி. திருப்பூருக்கு நேர் எதிர்ப்புறம் எது தெரியுமா? பசிபிக் கடலில், பெரு நாட்டின் லிமாவுக்கு மேற்கே சுமார் 2,800 கி.மீ. தள்ளி, வெறும் தண்ணீர். ஆக நம் பிள்ளைகள் யாரும் உலகத்தின் மறுகோடியில் இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மறுகோடிக்குப் பாதி தூரத்தை வெகுவாகத் தாண்டிப் போய் இருக்கிறார்கள்.

அடுத்து நேரம்.

பெரிய விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 14,200ஐ 900 ஆல் வகுத்தால் பதினாறு மணிக்குச் சற்றுக் குறைவு. நேர்த்தூரத்தை வேகத்தால் வகுத்து வருகிற விடைதான் அது. நம் மாப்பிள்ளை போனில் பார்த்ததும் ஏறக்குறைய இதே எண்தான். ஆனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கோவையில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு வகுத்துப் பார்த்த நேரம் அது.

இரண்டாவது, நூல் போகிற வழியில் விமானம் போக முடியாது. திபெத் பீடபூமிக்கு மேல் விமானங்கள் பெரும்பாலும் போவதில்லை. நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் பயணிகள் மூச்சுவிட விமானம் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே மலையே அதைவிட உயரம் என்றால் எங்கே இறங்குவது? சில வழிகளை மலை அடைக்கிறது, சில வழிகளை அரசியல் அடைக்கிறது. 2019 பிப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது, ஜூலை நடுவில்தான் முழுதாகத் திறந்தது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி மேற்கத்திய நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் மறுபடியும் இந்திய விமானங்களுக்கு வழியை அடைத்தது. அதன்பின் டெல்லியில் இருந்து அமெரிக்கா போகும் சில விமானங்கள் சுற்றிப் போய், நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாக வருகிறவர்கள் ஆங்காங்கே நின்றுபோனார்கள். ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் அப்படியே இருந்தது. வழிதான் நீண்டது.

மூன்றாவது, காற்று. போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று பலர் கேட்கிறார்கள். லண்டனில் இருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர சுமார் 7 மணி நேரம். பூமி சுற்றுவதால்தானே சார் என்று வகுப்பில் வருடா வருடம் யாராவது கேட்பீர்கள். அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்றும். ஓடுகிற ரயிலில் நின்ற இடத்தில் குதித்தால் அதே இடத்தில்தான் விழுகிறோம், பின் பெட்டியில் விழுவதில்லை. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. பூமி சுழற்சி காரணமாக இருந்தால் மேற்கே போகும் விமானம் அல்லவா சீக்கிரம் சேர வேண்டும்? நடப்பதோ தலைகீழ்.

உண்மையான காரணம் 30,000 அடிக்கு மேலே மேற்கில் இருந்து கிழக்கே ஆறு போல ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். சில நாட்களில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் வேகமாக வீசும். இதை முதலில் அளந்தவர் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926ல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகத்தில் அநேகம் பேர் படிக்கவில்லை! அந்தக் காற்று உதவினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 பிப்ரவரி 9 அன்று, புயல் காற்று பின்னால் தள்ள, நியூயார்க்கில் இருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. அதே நாளில் எதிர்த்திசையில் போனவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, கடிகாரம். 2021 ஜனவரி 9 அன்று இரவு எட்டரை மணி வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று பெங்களூருக்குக் கிளம்பியது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவத்தின் மேல் பறந்து, சுமார் 14,000 கி.மீ. கடந்து, 11ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குள் பெங்களூரில் இறங்கியது. தேதியை மட்டும் பார்த்தால் 31 மணி நேரம் போலத் தெரியும். அதில் 13½ மணி நேரம் கடிகார வித்தியாசம். உண்மையில் பறந்தது சுமார் 17 மணி நேரம். அங்கே கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைப்பதால் வித்தியாசம் 12½ மணி ஆகும். "நேத்து கிளம்பினேன்னு சொன்னானே, இன்னும் வரலியே" என்று இங்கே அம்மாக்கள் தவிப்பது இதனால்தான். அவர்களுடைய நேற்று ராத்திரி நமக்கு இன்று காலை.

இதே காலத்தில் உலகின் மிக நீளமான விமானப் பயணம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்து நியூயார்க் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம். சுமார் 15,300 கி.மீ., 18 மணி நேரத்துக்கு மேல். உலகத்திலேயே நீண்ட பயணம் கூட ஒரு நாளுக்குள் முடிகிறது. பிறகு எப்படி நம் பையனுக்கு இரண்டு நாள் ஆனது? கணக்கைப் பாருங்கள்.

செவ்வாய் காலை 10 மணி, இங்கே அப்பா இறந்தார். அங்கே திங்கள் இரவு 9.30. செய்தி கேட்டு, அழுது, மனைவியிடம் சொல்லி, டிக்கெட் தேட உட்காரும்போது அங்கே இரவு 11. அன்றிரவு விமானத்துக்கு இனி வீட்டில் இருந்து போய்ச் சேர முடியாது. கவுன்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். குழந்தை அங்கே பிறந்தது, அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்தியா வர ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ வேண்டும். அது இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே மனைவி, குழந்தையை விட்டுத் தனியாகக் கிளம்ப வேண்டும். கிடைத்த முதல் சீட் மறுநாள் மாலை 4 மணிக்கு, துபாய் வழியாக. நமக்கு அது புதன் அதிகாலை 4.30. ஆக அவன் தரையில் இருந்து எழும்பும் முன்பே இங்கே 18½ மணி நேரம் போய்விட்டது.

துபாய் வரை 16 மணி நேரம். நம் கணக்கில் புதன் இரவு 8.30. அங்கே அடுத்த விமானத்துக்கு 5 மணி நேரம் காத்திருப்பு. வியாழன் 1.30க்குக் கிளம்பி 4 மணி நேரத்தில் கொச்சி, காலை 5.30. இமிகிரேஷன், பெட்டி என்று ஒரு மணி நேரம். நெடும்பாசேரியில் இருந்து திருச்சூர், பாலக்காடு, வாளையார் வழியாக அவிநாசிக்குச் சுமார் 200 கி.மீ. காரில் நாலரை மணி நேரம். வீட்டு வாசலில் வந்து நின்றபோது வியாழன் காலை 11.

மொத்தம் 49 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது 20 மணி நேரம். மீதி 29 மணி நேரமும் தரையில். பறந்த தூரம் சுமார் 15,800 கி.மீ., நேர் தூரத்தைவிட 1,600 கி.மீ. அதிகம். புதன் மதியம் இங்கே அப்பாவை எடுத்த நேரத்தில் அவன் துபாய் விமானத்தில், பாதிக்கு மேல் தாண்டி வந்துகொண்டிருந்தான். போனில் முகத்தைக் காட்டக்கூட வழியில்லை.

காகிதத்தில் இதை எழுதிக் கூட்டிக் காட்டியதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பப் பையன் ஒரு நிமிசம் கூட வீணாக்கலீங்க" என்றார். மாப்பிள்ளையும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. இறந்தவர் மேல் இருந்த பாசம்தான் மகன் மேல் கோபமாகத் திரும்பியது.

ஒரு விஷயம் எனக்கு வியப்பு. இந்தக் கணக்கு திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையே இல்லை. ஒரு டி-சர்ட்டைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சில நிமிடம். ஆனால் அந்த டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்து கன்டெய்னர் ஏற இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஏன்? நூல் வர வேண்டும், நிட்டிங் முடிய வேண்டும், டையிங்கில் வரிசையில் நிற்க வேண்டும், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். வேலை நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். "தையல் அஞ்சு நிமிசந்தானே, நாளைக்குக் குடு" என்று ஒரு பையர் கேட்டால் நாம் சிரிப்போம். விமானம் 16 மணி நேரம்தானே என்று கேட்பதும் அதே கதைதான்.

தூத்துக்குடியில் இருந்து ஐரோப்பா போகும் கப்பல்களுக்கு 2023 கடைசியில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போனார்கள். பத்துப் பதினைந்து நாள் கூடியது. சரக்கு தாமதமானால் ஏர் ஷிப்மென்ட் போட வேண்டும், லாபம் போய்விடும். அதற்கும் பல நேரம் சரக்கை லாரியில் ஏற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்ப வேண்டும். கோவை ஓடுதளம் 3 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் இங்கே வந்து போவதில்லை. ஓடுதளத்தை நீட்டிக்க நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக இழுத்தது. சரக்குக்கு எந்த வழியோ அதே வழிதான் நம் பிள்ளைகளுக்கும்.

நம் முன்னோர் காலத்தில் இந்தக் குறை எழவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா என்ற கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. கடலிலேயே பல நாட்கள். மலேயாவில் இருப்பவனுக்கு இங்கே அப்பா இறந்த செய்தி கடிதத்தில் போய்ச் சேரும். அவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரவில்லை என்று யாரும் பேசவும் இல்லை. கடல் அவ்வளவு பெரியது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இப்போது தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோம். பக்கத்து அறையில் இருப்பது போலத் தோன்றுகிறது. அதனால் வர முடியாதபோது, வர மனமில்லை என்று நினைத்துவிடுகிறோம். முகத்தைத்தான் போன் பக்கத்தில் கொண்டுவந்தது. ஆளை இன்னும் 14,200 கி.மீ. தள்ளியே வைத்திருக்கிறது.

இனி நான் சொல்ல விரும்பும் சில யோசனைகள். முதலில் வெளியூரில் இருக்கும் மாணவர்களுக்கு.

உங்கள் வீட்டு வாசலில் இருந்து இங்கே உங்கள் அப்பா அம்மா வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு முறை நிதானமாகக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். கொச்சி, பெங்களூர், சென்னை, கோவை என நான்கு வழிக்கும் போடுங்கள். ராத்திரி செய்தி வந்தால் எந்த விமானம், காலையில் வந்தால் எந்த விமானம் என்று தெரிந்திருக்கட்டும். கோவை வரைக்குமே டிக்கெட் வேண்டும் என்று காத்திருப்பதைவிடக் கொச்சியில் இறங்கிக் காரில் வருவது சில நேரம் சீக்கிரம். பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஓ.சி.ஐ. விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள், விசா முத்திரை முடிந்திருந்தால் திரும்பிப் போகும் முன் இங்கே தூதரகத்தில் புது முத்திரை வாங்க வேண்டும். அந்தப் பயத்தில் கிளம்பத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். அதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால் இங்கே வேறு காரணம் கற்பித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. அப்பா அம்மா நடமாட்டமாக இருக்கும்போதே இந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள். "எனக்கு வர இரண்டு நாள் ஆகும்ப்பா, அப்படி ஒரு நிலைமை வந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் வாயால் ஒரு பதில் சொல்லியிருந்தால் பங்காளிகள் யாரும் அதை மாற்றிப் பேச மாட்டார்கள். உங்கள் மனதிலும் பாரம் இருக்காது.

இங்கே இருக்கும் உறவுகளுக்கு ஒன்று சொல்கிறேன். வருகிறவனிடம் "ப்ளேன் எத்தனை மணி நேரம்?" என்று கேட்காதீர்கள். "வீட்டுக்கு எப்ப வந்து சேருவ கண்ணு?" என்று கேளுங்கள். அவன் சொல்கிற நேரத்தை நம்புங்கள். சீட் கிடைப்பது, வழியில் காத்திருப்பது, காரில் வருவது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அமெரிக்கா என்றால் ஒன்றரை நாளில் இருந்து இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜா, சிங்கப்பூர் என்றால் கோவைக்கே நேர் விமானம் உண்டு, நான்கு நான்கரை மணி நேரம். ஆனால் அதுவும் கிளம்பும் நேரத்துக்குத்தான் கிளம்பும், நம் அவசரத்துக்கு அல்ல.

விமானம் ஏறிவிட்டாலும் உறுதி இல்லை. 2023 ஜூன் மாதம் டெல்லியில் இருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மொழி தெரியாத ஊரில் தங்கி, வேறு விமானம் வந்த பிறகே போக முடிந்தது. எந்த வீட்டில் யார் எந்த அவசரத்துக்காக அவர்களுக்காகக் காத்திருந்தார்களோ.

கொள்ளி வைக்க யார் வந்தார், யார் வரவில்லை என்பதை வைத்து ஒருவனின் பாசத்தை அளக்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது ஞாயிறுதோறும் போன் செய்தானா, மருந்துக்கு ஆள் வைத்தானா, வருடம் ஒரு முறை வந்து பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்தானா என்பதைப் பாருங்கள். அதை அளக்க உலக உருண்டையும் நூலும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் உங்கள் ஊரில் இருந்து உங்கள் வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த வழி வசதி என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். யாருக்காவது அவசரத்துக்கு உதவும்.

எல்லாரும் நலமாக இருங்கள். பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்